பேலட்டில் ட்ரெஷரர், கன்ட்ரோலர் என்று ஒரு வரி வருமே, அதை எப்படி நிரப்புவது?

அமெரிக்கக் குடியுரிமை வாங்கியபின் முதல் முறையாக வாக்குச்சீட்டு தபாலில் வந்தபோது நான் செய்ததை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். கவர்னர் வரை ரொம்பக் கவனமாக வட்டங்களை நிரப்பிக்கொண்டே வந்தேன், அதற்குக் கீழே கன்ட்ரோலர், ட்ரெஷரர் என்று இரண்டு பதவிகள், இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்று தெரியவில்லை, நிற்பவர்களின் பெயரையும் கேள்விப்பட்டதில்லை, சரி, தெரியாததில் எதற்குக் கை வைப்பானேன் என்று காலியாகவே விட்டு உறையை ஒட்டிவிட்டேன். சில மாதம் கழித்து மாநில வருமான வரி ரீஃபண்ட் காசோலை வந்தது. அதில் இருந்த கையெழுத்து கலிஃபோர்னியா கன்ட்ரோலருடையது.

அதற்கப்புறம் பேலட்டின் இந்த ஒரு வரிக்கென்று ஒவ்வொரு தேர்தலிலும் ஒரு மாலை ஒதுக்குகிறேன். நான் எப்படிச் செய்கிறேன் என்பதை அப்படியே எழுதுகிறேன். உங்கள் மாநிலம் வேறாக இருந்தாலும் வழி கிட்டத்தட்ட இதேதான்.

உங்களுக்கு ஓட்டு இருக்கிறதா, முதலில் அதைப் பாருங்கள்

கிரீன் கார்டு, எச்1பி வேலை விசா எதுவானாலும் மாநிலத் தேர்தலில் ஓட்டுப் போட முடியாது, எந்த மாநிலத்திலும் முடியாது. இது தெரிந்ததுதானே என்பீர்கள். ஆனால் லைசென்ஸ் புதுப்பிக்கப் போகும் இடத்தில் 'வாக்காளராகப் பதிவு செய்யவா' என்று ஒரு கட்டம் வரும், அவசரத்தில் ஆமாம் என்று தட்டிவிட்டால் பிற்பாடு குடியுரிமை விண்ணப்பமே சிக்கலாகும், நாடுகடத்தல் வரை கூடப் போகலாம். அந்தப் படிவத்தை நிதானமாகப் படியுங்கள்.

நன்கொடையில் கணக்கு வேறு. கிரீன் கார்டு வைத்திருப்பவர் வேட்பாளருக்குப் பணம் கொடுக்கலாம், எச்1பியில் இருப்பவர் கொடுக்கக் கூடாது. 'மாநிலத் தேர்தல்தானே' என்ற சமாதானம் செல்லாது, இந்தத் தடை ஃபெடரல் சட்டத்தில் இருக்கிறது. சம்பளம் வாங்காமல் உறையில் துண்டறிக்கை போட்டுக் கொடுப்பது, வீடு வீடாகப் போவது இதெல்லாம் யாரும் செய்யலாம்.

முதலீட்டு ஆலோசனை நிறுவனத்தில் வேலை செய்பவர்கள் மட்டும் இன்னொரு படி கவனமாக இருக்க வேண்டும். மாநில ஓய்வூதிய நிதியை யாரிடம் கொடுப்பது என்று முடிவு செய்யக்கூடிய பதவிக்கு நிற்பவருக்கு நீங்கள் நன்கொடை கொடுத்தால், உங்கள் நிறுவனம் இரண்டு வருஷம் அந்த மாநில நிதியிடமிருந்து கட்டணம் வாங்க முடியாமல் போகலாம். பங்குச் சந்தை ஒழுங்குமுறை ஆணையமான எஸ்இசி 2010-இல் கொண்டுவந்த விதி இது. நீங்கள் ஓட்டுப் போட முடிகிற வேட்பாளர் என்றால் தேர்தலுக்கு 350 டாலர், இல்லாவிட்டால் 150 டாலர் வரை விலக்கு உண்டு. எல்லா ஊழியருக்கும் இது பொருந்தாது, இருந்தாலும் காசு கொடுப்பதற்கு முன் அலுவலகத்தில் கம்ப்ளையன்ஸ் ஆளிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

உங்கள் மாநிலத்தில் அந்தப் பதவிக்குப் பெயர் என்ன, வேலை என்ன

இங்கேதான் குழப்பம். ஒவ்வொரு மாநிலமும் தன் இஷ்டத்துக்குப் பெயர் வைத்திருக்கிறது. கலிஃபோர்னியாவிலும் இல்லினாயிலும் இரண்டு பேரைத் தேர்ந்தெடுக்க வேண்டும், ட்ரெஷரர் பணத்தை வைத்திருப்பவர், கன்ட்ரோலர் (சில இடங்களில் கம்ப்ட்ரோலர்) பில்லைச் சரிபார்த்துக் காசோலை போடுபவர். நியூயார்க்கில் கம்ப்ட்ரோலர் ஒருவர்தான். (கம்ப்ட்ரோலர் என்று எழுதியிருந்தாலும் கன்ட்ரோலர் என்றே உச்சரிப்பதுதான் பழைய முறை. நான் எழுத்தைப் பார்த்தபடியே சொல்லி ஒரு கூட்டத்தில் அசடு வழிந்திருக்கிறேன்.) டெக்சஸில் ட்ரெஷரர் என்று தனியாக ஒருவர் இருந்தார், 1995-இல் மக்களே ஓட்டுப் போட்டு அந்தப் பதவியை ஒழித்தார்கள், 1996-இலிருந்து எல்லாம் கம்ப்ட்ரோலர் கையில். ஃப்ளோரிடா 2003-இல் இரண்டு பதவிகளையும் சேர்த்து, கம்பெனிகளில் இருப்பதுபோல 'சீஃப் ஃபைனான்ஷியல் ஆபீசர்' என்று பெயரிட்டது. அவரேதான் மாநிலத் தீயணைப்புக்கும் தலைவர், ஏன் என்று என்னைக் கேட்காதீர்கள். நியூஜெர்சி, வர்ஜீனியா தமிழர்களுக்கு இந்தத் தலைவலி கிடையாது, அங்கே ட்ரெஷரரைக் கவர்னர் நியமிக்கிறார். மேரிலாண்டில் ட்ரெஷரரைச் சட்டமன்றம் தேர்ந்தெடுக்கும், ஆனால் கம்ப்ட்ரோலர் உங்கள் பேலட்டில் வருவார்.

தேர்தல் நடக்கும் வருஷமும் மாறும். மேலே சொன்ன கலிஃபோர்னியா, டெக்சஸ், ஃப்ளோரிடா, இல்லினாய், நியூயார்க் எல்லாவற்றுக்கும் 2026 நவம்பர் 3. பென்சில்வேனியா, மிசௌரி, வடகரோலினா ட்ரெஷரர்கள் ஜனாதிபதித் தேர்தலோடு சேர்ந்து வருவார்கள். கென்டக்கி ஒற்றைப்படை வருஷத்தில்.

அடுத்து, மாநில அரசின் தளத்தில் அந்த அலுவலகத்தின் பக்கத்தைத் திறந்து நாலு கேள்விக்கு மட்டும் விடை தேடுங்கள்: ஓய்வூதிய நிதியில் இவருக்குப் பங்கு உண்டா, கடன் பத்திரம் விற்பவர் இவரா, பில்லுக்குப் பணம் விடுவிப்பவர் இவரா, வரி வசூலிப்பவர் இவரா. நியூயார்க் கம்ப்ட்ரோலர் மாநில ஓய்வூதிய நிதிக்கு ஒரே அறங்காவலர், 20,000 கோடி டாலருக்கு மேல் உள்ள பணம், குழுவெல்லாம் இல்லை, ஒரே ஆள். கலிஃபோர்னியாவில் கன்ட்ரோலரும் ட்ரெஷரரும் அரசு ஊழியர் ஓய்வூதிய நிதியான கால்பர்ஸ் வாரியத்தின் 13 உறுப்பினர்களில் இருவர் மட்டுமே. டெக்சஸில் கடை வைத்திருக்கிற நண்பர்களுக்குக் கம்ப்ட்ரோலரை அறிமுகப்படுத்தத் தேவையே இல்லை, விற்பனை வரி பெர்மிட்டிலிருந்து எல்லாம் அங்கேதான். 2025-இல் நிறைவேறிய பள்ளிக் கட்டண உதவிக் கணக்குத் திட்டமும், 100 கோடி டாலர் ஒதுக்கீட்டோடு, அவரிடம்தான் போயிருக்கிறது. குழந்தையின் கல்லூரிச் செலவுக்கு 529 கணக்கு வைத்திருந்தால் அதை நடத்துவதும் பல மாநிலங்களில் ட்ரெஷரர் அலுவலகமே.

போகிற போக்கில் ஒன்று. உரிமை கோரப்படாத பணம், அதாவது பழைய வாடகை டெபாசிட், மாற்றாத காசோலை, மறந்துபோன வங்கிக் கணக்கு இதெல்லாம் பெரும்பாலும் இந்த அலுவலகங்களில்தான் வந்து சேரும். உங்கள் பெயரைப் போட்டுத் தேடிப் பாருங்கள், நம் பெயரில் இனிஷியல், அப்பா பெயர் எல்லாம் முன்னே பின்னே மாறிப் பதிவாகியிருக்கும், எல்லா விதமாகவும் தேடுங்கள். இலவசம்தான். 'கண்டுபிடித்துத் தருகிறோம், கமிஷன் கொடுங்கள்' என்று வரும் கடிதத்தை நம்ப வேண்டாம்.

'முடியாது' என்று சொல்லக்கூடிய ஆளா?

இந்தப் பதவிக்கு நான் தேடுவது ஒன்றுதான். கவர்னரிடமும் சட்டமன்றத்திடமும், தன் கட்சியாகவே இருந்தாலும், 'காசு இல்லை, முடியாது' என்று சொல்லக்கூடிய ஆளா, அப்படிச் சொல்லும்போது கையில் கணக்கு இருக்குமா. மற்றதெல்லாம் எனக்கு அதற்குப் பிறகுதான்.

ஏன் என்றால் இவர்கள் பெயர் செய்தியில் அடிபடுவதே நெருக்கடி வரும்போதுதான். 2009 ஜூலையில் கலிஃபோர்னியாவில் பட்ஜெட் இழுபறி, கஜானா காலி, அப்போதைய கன்ட்ரோலர் ஜான் சியாங் காசோலைக்குப் பதிலாக ஐஓயூ, அதாவது 'பிறகு தருகிறோம்' என்ற கடன் சீட்டு, அனுப்பத் தொடங்கினார். வரி ரீஃபண்டுக்குக் காத்திருந்தவர்களுக்கும் அந்தச் சீட்டுதான் வந்தது. யாருக்குப் பணம், யாருக்குச் சீட்டு என்ற வரிசை அந்த அலுவலகத்திலிருந்து வந்தது. அதே ஆள் 2011-இல், சட்டமன்றம் நிறைவேற்றிய பட்ஜெட்டில் வரவும் செலவும் ஒத்துப்போகவில்லை என்று சொல்லி உறுப்பினர்களின் சம்பளத்தையே நிறுத்தினார். சட்டமன்றத்தில் பெரும்பான்மை அவருடைய கட்சி. அந்த அதிகாரம் அவருக்குக் கிடையாது என்று பிறகு நீதிமன்றம் சொல்லிவிட்டது, அது வேறு கதை. ஆனால் கட்சி பார்க்காமல் கை நீட்டித் தடுத்தார் என்பது எனக்குப் பெரிய விஷயமாகத்தான் பட்டது.

இல்லினாயில் 2015 ஜூலையிலிருந்து இரண்டு வருஷம் முழு பட்ஜெட்டே இல்லாமல் ஓடியது. கொடுக்க வேண்டிய பில்கள் குவிந்து, 2017 கடைசியில் 1,600 கோடி டாலரைத் தாண்டின. முதியோர் இல்லத்துக்கு முதலில் கொடுப்பதா, ஒப்பந்தக்காரருக்கா, பல்கலைக்கழகத்துக்கா என்பதைத் தினம் தினம் பார்த்துக்கொண்டிருந்தது கம்ப்ட்ரோலர். அந்தப் பட்ஜெட் இழுபறியின் நடுவில், 2016-இல், அந்தப் பதவிக்கே மாநிலம் தழுவிய சிறப்புத் தேர்தல் வந்தது. மறுபடி தேர்வாகியிருந்த ஜூடி பார் டொபிங்கா பதவியேற்கும் முன் இறந்துவிட, லெஸ்லி மங்கரைக் கவர்னர் நியமித்திருந்தார், அவரை எதிர்த்து நின்ற சுசானா மென்டோசா ஜெயித்தார்.

இதில் ஒரு பாடம் உண்டு. பேலட்டிலோ பிரசார அட்டையிலோ 'தற்போதைய' என்று போட்டிருந்தால் அவர் ஏற்கெனவே ஒரு தேர்தலில் ஜெயித்தவர் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். நடுவில் காலியான இடத்துக்குக் கவர்னர் நியமித்தவராக இருக்கலாம். 2025 ஜூலையில் ஃப்ளோரிடாவில் பிளேஸ் இங்கோலியா வந்தது அப்படித்தான். மிசௌரி ட்ரெஷரர் விவேக் மாலெக், இந்தியாவில் பிறந்தவர், அவரும் கவர்னர் நியமனத்தில் 2023-இல் பதவிக்கு வந்து 2024-இல்தான் மக்கள் ஓட்டை வாங்கினார். நியமனம் என்பது குற்றம் இல்லை. நியமித்தவரிடம் இவரால் எதிர்த்துப் பேச முடியுமா என்று ஒரு கேள்வி கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள், அவ்வளவுதான்.

வாக்குறுதியை எப்படிச் சல்லடை போடுவது

வேட்பாளரின் தளத்தைத் திறந்து ஒவ்வொரு வாக்குறுதிக்கும் பக்கத்தில் 'இவரால் முடியுமா' என்று மட்டும் எழுதுங்கள். 'சொத்து வரியைக் குறைப்பேன்' என்றால், முடியாது, அது சட்டமன்றம், கவுன்ட்டி (நம்மூர் மாவட்டம் மாதிரி), பள்ளி மாவட்டம் எல்லாம் சம்பந்தப்பட்டது. 'எல்லையைப் பாதுகாப்பேன்' என்று ட்ரெஷரர் வேட்பாளர் சொன்னால் சிரித்துவிட்டுக் கடந்து போகலாம். 'ஒவ்வொரு செலவுச் சீட்டையும் பொதுமக்கள் தேடும்படி இணையத்தில் போடுவேன்', 'ஆண்டுக் கணக்கறிக்கையைக் காலத்தோடு வெளியிடுவேன்', 'நிதி மேலாளர்களுக்குக் கொடுக்கும் கட்டணத்தைக் குறைப்பேன்' என்பவை நடக்கக் கூடியவை, நாலு வருஷம் கழித்துக் கேட்கவும் முடியும். நான் பத்து வாக்குறுதி படித்தால் நடக்கக் கூடியதாக மூன்று தேறுவதே அபூர்வம்.

முதலீட்டு அரசியல் கொஞ்சம் சிக்கலானது, ஏனென்றால் அங்கே நிஜமாகவே அதிகாரம் இருக்கிறது. டெக்சஸ் 2021-இல் ஒரு சட்டம் போட்டு, எண்ணெய் நிறுவனங்களைப் புறக்கணிக்கும் நிதி நிறுவனங்களின் பட்டியலைத் தயாரிக்கும் வேலையைக் கம்ப்ட்ரோலரிடம் கொடுத்தது, 2022-இல் வந்த பட்டியலில் பிளாக்ராக் என்ற பெரிய முதலீட்டு நிறுவனம் இருந்தது. அதே வருஷக் கடைசியில் ஃப்ளோரிடாவும் பிளாக்ராக்கிடமிருந்து 200 கோடி டாலரை எடுப்பதாக அறிவித்தது. எதிர்ப்பக்கத்தில் நியூயார்க் சில எண்ணெய், நிலக்கரி நிறுவனங்களின் பங்குகளை விற்றது. உங்களுக்கு எந்தப் பக்கம் பிடித்திருந்தாலும் சரி, என் கேள்வி ஒன்றுதான்: இந்த முடிவால் ஓய்வூதியக்காரருக்கு லாபமா நஷ்டமா என்ற கணக்கை இவர் காட்டுகிறாரா? காட்டாதவர் எந்தக் கட்சியானாலும் எனக்குச் சந்தேகம்தான்.

யார் காசு கொடுக்கிறார்கள்

மாநிலத் தேர்தல் நன்கொடை விவரம் ஃபெடரல் தேர்தல் ஆணையத்தின் தளத்தில் இருக்காது, அங்கே தேடி நேரத்தை வீணாக்காதீர்கள். கலிஃபோர்னியாவில் கால்-ஆக்சஸ் என்ற அரசுத் தளம், டெக்சஸில் எதிக்ஸ் கமிஷன், மற்ற இடங்களில் மாநிலத் தேர்தல் வாரியம். பெயரைப் போட்டால் பட்டியல் வரும். அதில் நான் பார்ப்பது, நிதி மேலாளர்கள், கடன் பத்திரம் விற்கும் வங்கிகள், அந்தப் பத்திர வேலை செய்யும் வக்கீல் அலுவலகங்கள், இவர்கள் பங்கு எவ்வளவு என்பது. அரசு ஊழியர் சங்கங்களின் பங்கையும் பார்க்கிறேன், அவர்களுடைய ஓய்வூதியத்தைத்தான் இவர் பார்த்துக்கொள்ளப் போகிறார்.

இது வெறும் சந்தேகப் புத்தி இல்லை. நியூயார்க் கம்ப்ட்ரோலராக இருந்த ஆலன் ஹெவசி, ஓய்வூதிய நிதியின் பணத்தை ஒரு நிறுவனத்துக்கு முதலீடாகக் கொடுத்ததற்குப் பதிலாகப் பயணச் செலவு, பிரசார நிதி என்று பலன் பெற்றதை 2010-இல் ஒப்புக்கொண்டு அடுத்த வருஷம் சிறைக்குப் போனார். கனெக்டிகட் ட்ரெஷரராக இருந்த பால் சில்வெஸ்டர் 1999-இல் ஓய்வூதிய நிதி கமிஷன் வழக்கில் குற்றத்தை ஒப்புக்கொண்டார். மேலே சொன்ன எஸ்இசி விதி வந்ததே இந்த மாதிரிக் கூத்துகளால்தான்.

திருட்டே இல்லாமலும் பணம் போகும். மேற்கு வர்ஜீனியாவில் மாநில முதலீட்டில் 27.9 கோடி டாலர் நஷ்டமாகி, 1989-இல் ட்ரெஷரர் ஜேம்ஸ் மான்ச்சின் மீது கீழ்சபை பதவி நீக்கக் குற்றச்சாட்டுத் தீர்மானம் நிறைவேற்ற, மேல்சபை விசாரணைக்கு முன்பே அவர் ராஜினாமா செய்தார். இன்னொரு கதை மாநில அளவில் இல்லை, கவுன்ட்டி அளவில் நடந்தது, ஆனாலும் இதை நான் எல்லோரிடமும் சொல்வேன். கலிஃபோர்னியாவின் ஆரஞ்ச் கவுன்ட்டியில் ராபர்ட் சிட்ரன் என்ற ட்ரெஷரர் பல வருஷமாக மற்ற கவுன்ட்டிகளைவிட அதிக வருமானம் காட்டிக்கொண்டிருந்தார். 1994 தேர்தலில் ஜான் மூர்லாக் என்ற கணக்காளர் எதிர்த்து நின்று, 'இவர் கடன் வாங்கி வட்டி விகிதத்தின் மேல் சூதாடுகிறார்' என்று எண்களோடு சொன்னார். யாரும் கேட்கவில்லை, ஜூனில் சிட்ரன் சுலபமாக ஜெயித்தார். வட்டி ஏறிக்கொண்டே இருந்தது. டிசம்பர் 6 அன்று கவுன்ட்டி திவால் மனு கொடுத்தது, நஷ்டம் 164 கோடி டாலர். வட்டி விகிதம் எப்படிப் போகும் என்று அவர் தபால் வழி ஜோசியர் ஒருவரைக் கேட்டுக்கொண்டிருந்தது பிறகு விசாரணையில் தெரிய வந்தது. ஜோசியம் என்றால் நம்மாட்களைத்தான் கிண்டல் செய்வார்கள்!

அதனால் 'என் காலத்தில் வருமானம் எல்லோரையும்விட அதிகம்' என்று ஒருவர் மார்தட்டினால் கைதட்டாதீர்கள், எவ்வளவு ஆபத்தை எடுத்து அந்த வருமானம் வந்தது என்று தேடுங்கள். எதிர் வேட்பாளர் குறிப்பிட்ட எண்ணோடு ஒரு குறையைச் சொன்னால், அவர் கட்சி உங்களுக்குப் பிடிக்காவிட்டாலும், பத்து நிமிஷம் செலவு செய்து அந்த எண்ணைச் சரிபாருங்கள். மாநில ஆடிட்டரின் அறிக்கையும், மூடிஸ், ஃபிட்ச் மாதிரி கடன் தரம் போடும் நிறுவனங்கள் மாநிலத்துக்குக் கொடுத்த தரமும் ஏறியதா இறங்கியதா என்பதும் இதற்கு உதவும்.

முதற்கட்டத் தேர்தலைத் தவற விடாதீர்கள்

நம்மாட்கள் நவம்பரில் வரிசையில் நிற்பார்கள், நவம்பருக்கு யார் போவது என்று முடிவாகும் முதற்கட்டத்தில் (பிரைமரி) காணவே மாட்டார்கள். 2014-இல் கலிஃபோர்னியா கன்ட்ரோலர் முதற்கட்டத்தில் இரண்டாம் இடம் யாருக்கு என்பது 481 ஓட்டில் முடிவானது. போட்டது ஏறக்குறைய 40 லட்சம் பேர். அங்கே கட்சி எதுவானாலும் முதல் இரண்டு பேர்தான் நவம்பருக்குப் போவார்கள், அந்த 481-இல் உள்ளே வந்த பெட்டி யீ நவம்பரில் ஜெயித்து எட்டு வருஷம் கன்ட்ரோலராக இருந்தார். 2010-இல் இல்லினாய் கம்ப்ட்ரோலருக்கான ஜனநாயகக் கட்சி முதற்கட்டத்தில் நம் தமிழ்க் குடும்பத்துப் பிள்ளை ராஜா கிருஷ்ணமூர்த்தி, அதற்கு முன் மாநிலத் துணை ட்ரெஷரராக இருந்தவர், நூலிழையில் தோற்றார். பிறகு காங்கிரஸ் உறுப்பினரானார், அது இருக்கட்டும்.

ஃப்ளோரிடா, நியூயார்க் மாதிரி இடங்களில் கட்சியில் பதிவு செய்தவர்கள்தான் அந்தக் கட்சியின் முதற்கட்டத்தில் ஓட்டுப் போடலாம், கட்சி மாற்றும் கெடு பல வாரங்கள், சில இடங்களில் பல மாதங்கள் முன்பே முடிந்துவிடும். டெக்சஸில் அந்தக் கட்டுப்பாடு இல்லை, ஆனால் முதற்கட்டத்தில் ஒரு கட்சிக்குப் போட்டுவிட்டு, யாருக்கும் பெரும்பான்மை கிடைக்காதபோது வரும் இரண்டாம் சுற்றான ரன்ஆஃபில் இன்னொரு கட்சிக்குப் போட முடியாது.

கடைசியில் அந்தத் தாள்

டெக்சஸில் ஒரே பொத்தானில் கட்சி முழுவதுக்கும் போடும் வசதி 2020-இல் போய்விட்டது, கம்ப்ட்ரோலர் வரை நீங்களேதான் கீழே போக வேண்டும். அடையாள அட்டையில் இருக்கும் பெயரும் வாக்காளர் பட்டியலில் இருக்கும் பெயரும் ஒத்துப்போக வேண்டும், இனிஷியல் விரிந்து குடும்பப் பெயராகி, கல்யாணத்துக்குப் பின் இன்னொன்று சேர்ந்து என்று நம் பெயர்கள் படும் பாடு தெரிந்ததுதானே, தேர்தலுக்கு ஒரு மாதம் முன்பே பார்த்துச் சரி செய்துவிடுங்கள். அம்மா அப்பா குடியுரிமை பெற்று, ஆங்கிலம் படிப்பது சிரமம் என்றால், அவர்களோடு நீங்கள் உள்ளே போய் உதவலாம், ஃபெடரல் சட்டமே அனுமதிக்கிறது. அவர்களுடைய முதலாளியோ தொழிற்சங்கப் பிரதிநிதியோதான் உதவக் கூடாது. படித்துச் சொல்லுங்கள், முடிவு அவர்களுடையது. என் அம்மா கன்ட்ரோலருக்கு யாருக்குப் போட்டார் என்பதில் எங்களுக்குள் இன்னும் சண்டை ஓய்ந்தபாடில்லை.

தபாலில் அனுப்புகிறவர்கள் உறையில் போடும் கையெழுத்து, லைசென்ஸிலோ பதிவுப் படிவத்திலோ போட்ட மாதிரியே இருக்கட்டும். தமிழில் கையெழுத்துப் போடுகிறவரா, தாராளமாகப் போடுங்கள், இரண்டு இடத்திலும் தமிழாக இருந்தால் சரி. கெடு நாள் வரை காத்திராமல் ஒரு வாரம் பத்து நாள் முன்பே அனுப்பிவிட்டு, கவுன்ட்டி தளத்தில் சீட்டு போய்ச் சேர்ந்ததா என்று பாருங்கள். கையெழுத்து ஒத்துப்போகவில்லை என்று கடிதமோ போனோ வந்தால் ஏதோ மோசடி என்று தூக்கிப் போட்டுவிடாதீர்கள். கவுன்ட்டியின் தளத்தில் இருக்கும் எண்ணுக்கு நீங்களாகவே கூப்பிட்டு விசாரியுங்கள், நிஜமாக இருந்தால் ஒரு படிவத்தில் மறுபடி கையெழுத்துப் போட்டு அனுப்பச் சொல்வார்கள். பெரும்பாலும் சில நாள்தான் கெடு இருக்கும், அன்றைக்கே போட்டு அனுப்பிவிடுங்கள்.